முகம் பார்த்துச் சமைத்தவர்

அவர் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் மோந்தார்.

எஸ்டேட் ஆபீசில் சின்ன கிளார்க்காகச் சேர்ந்த அன்று பெரிய கிளார்க் என்னைக் கூட்டிப்போய் பாக்டரி வாசலில் நிறுத்தினார். உள்ளேயிருந்து காக்கிக் கோட்டும் வெறுங்காலுமாக ஒருவர் வேகமாக வந்தார். நான் கும்பிட்ட கையை அவர் கவனிக்கவில்லை. என் காதுக்கு மேலே மூக்கைக் கொண்டுவந்து ஒரு இழுப்பு இழுத்தார்.

"ஏனுங்க தம்பி, தலைக்குத் தேங்காயெண்ணெய் வெச்சிருக்கறீங்களா?"

மகன் முதல்நாள் வேலைக்குப் போகிறான் என்று அம்மா கவிழ்த்துவிட்டிருந்த எண்ணெய் அது. ஆமாம் என்றேன்.

"அந்தத் தலையோட இந்தப் படி ஏறாதீங்க. தேயிலை எதக் குடுத்தாலும் வாங்கி வெச்சுக்கும். நாளைக்கு லண்டன்ல ஒருத்தன் உங்க தலைய மோந்துட்டே டீ குடிப்பான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அரவேணுவுக்கும் கோத்தகிரிக்கும் நடுவே இருந்த அந்த எஸ்டேட்டில் அவர்தான் டீமேக்கர், தேயிலைப் பக்குவம் பார்க்கிறவர். துரையிலிருந்து கொழுந்து எடுக்கும் பெண்கள் வரை எல்லோருக்கும் அவர் டீமேக்கர்தான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பாக்டரிக்குள் பீடி கூடாது, வெங்காயம் கூடாது, மல்லிகைப்பூ கூடாது, வாசனைச் சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வரக் கூடாது. எதையும் மோந்த பிறகுதான் அவர் பார்ப்பார். வந்த தபாலை மோப்பார். குடையை மோப்பார். சம்பளம் வாங்கினால் நோட்டையும் மோப்பார். தட்டில் சோறு விழுந்தால்கூட முதல் கவளம் மூக்கு வரைக்கும் போய்விட்டுத்தான் வாய்க்கு வரும்.

அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்குப் போனால் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? பூண்டு தட்டுவார். கருவாடு சுடுவார். வரமிளகாயை வறுத்துக் கொள்ளுப் பருப்புக்குத் தாளித்துக் கொட்டுவார். பாக்டரிக்குக் கீழே ஸ்டாப் வீடுகள் வரிசையாக இருந்தன. பொழுது சாயும் நேரத்தில் ரோட்டில் நடந்து வருகிறவர்களுக்கு, எது டீமேக்கர் வீடு என்று யாரும் காட்ட வேண்டியதில்லை. காக்கிக் கோட்டை மட்டும் வெகுதூரத்தில், மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டிவிட்டு வருவார். காலையில் வெந்நீரில் தேய்த்துக் குளித்து, அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டால் மறுபடி பாக்டரி ஆள்.

சமைக்க வீட்டில் ஆள் இல்லாமல் இல்லை. அவர் மனைவி அடுப்புக்குப் பக்கத்திலேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கீழே சமவெளியில், கோபிப் பக்கத்துக்காரர். கல்யாணமாகி மலை ஏறிய நாளிலிருந்து அவருக்குக் குளிர் விடவில்லை. "அடுப்புங் கையுமா எம் புருசன், அடுப்போரமா நானு. ஊருல போயிச் சொன்னா என்னைய அடிப்பாங்க" என்பார்.

எனக்கு இது பிடிபடவே இல்லை. நான் வளர்ந்தது லயத்தில், தோட்டக் கூலியாட்களின் வரிசை வீடுகளில். அப்பாவும் அம்மாவும் அதே எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர்கள். கோத்தகிரி மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதால் எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் சமையல் என்பது கூடை சுமப்பதைப் போல இன்னொரு வேலை. அம்மா மழையில் நனைந்து வந்து, ஈரச் சேலையோடு ராகிக் களி கிண்டி இறக்கி, விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைப்பாள். விறகு மிஞ்சியதா என்பதுதான் அவளுக்கு முக்கியம். நாள் முழுக்க இரைச்சலிலும் சூட்டிலும் நின்ற மனிதர், சமைக்க ஆள் இருந்தும், தானாகப் போய் அடுப்பு முன்னால் நிற்பாரா? படித்தவன் என்ற தைரியத்தில் அவரையே கேட்டுவிட்டேன்.

"நாள் முழுக்க மூக்கக் கட்டிப் போட்டிருக்கறனுங்க தம்பி. ஊட்டுக்கு வந்து அவுத்து உடறேன்" என்றார் ஒருநாள். எனக்கும் அது சரியாகப்பட்டது. ஆனால் வேறொரு நாள், தன் மனைவி கையில் ருசி இல்லை, அதனால்தான் என்றார். "ருசியிருந்தா மட்டும் அகப்பைய எங்கிட்டக் குடுத்திருப்பாராக்கும்" என்று கம்பளிக்குள்ளிருந்து பதில் வந்தது. இன்னொரு நாள், மலைக் குளிருக்கு அடுப்படியை விட்டால் நிற்க இடமேது என்றார். மூன்றும் பொய் இல்லை. ஆனால் உண்மைக் காரணம் இந்த மூன்றுமே இல்லை என்றும் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

அடிக்கடி என்னைச் சாப்பிடக் கூப்பிடுவார், ஆனால் அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. பரிமாறிவிட்டு அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். கதவுக்குப் போவார், அடுப்புக்கு வருவார், மறுபடி கதவுக்குப் போவார். கண் மட்டும் தின்கிறவன் முகத்தை விட்டு அகலாது. எனக்குச் சோறு இறங்காது. வாயைத் திறப்பதற்கும் மெல்லுவதற்கும் கணக்குப் பார்க்கிற மாதிரி இருக்கும். நன்றாக இருக்கிறதா என்று அவர் கேட்கவும் மாட்டார். கேட்டால் மரியாதைக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயமோ என்னவோ.

"மூஞ்சியில எதையாச்சும் காட்டிருங்க தம்பி. இல்லைன்னா இந்த மனுசன் ஊடு பூராவும் நடந்துட்டே இருப்பாரு" என்பார் அவர் மனைவி. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

காட்டினேன். காட்ட வேண்டிய அவசியமில்லாமலே என் முகம் காட்டிக்கொண்டுதான் இருந்தது. அவரைக்கொட்டையை அரைத்துவிட்ட ஒரு குழம்பு வைப்பார். அதைத் தின்ற நாளில் லயத்துக்குப் போய் அம்மா கிண்டிய களியைத் தொட முடியாமல் தவித்து, அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

யாரைக் கண்டாலும் கூப்பிட்டுவிடுவார். தபால்காரர், தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிக்கும் ஆசாரி, அவரைக்காய் கொண்டுவரும் படகர் இனத்தவர் ஒருவர், பாக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையர் அடுப்பை எரிக்கும் பாய். லயத்துப் பிள்ளைகளை வாசலோடு நிறுத்துகிற வீடுகள் அந்த வரிசையிலேயே இருந்தன. டீமேக்கர் என்னை அடுப்படிக்குள் உட்காரவைத்தார். ஆரம்பத்தில் அவரைப் பெரிய சீர்திருத்தக்காரர் என்று நினைத்து மனம் நெகிழ்ந்துபோனேன். பிறகு தெரிந்தது, அவருக்கு வேண்டியது தின்கிற ஒரு முகம். அது யாருடைய முகம் என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. நெகிழ்ச்சி அதனால் குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் செய்த தேயிலை பெட்டியில் அடைபட்டு, மேட்டுப்பாளையம் இறங்கி, கப்பலேறி லண்டனுக்குப் போகும். பல மாதம் கழித்து அங்கே ருசி பார்க்கிறவர்களிடமிருந்து ஒரு காகிதம் வரும். அது வந்த தகவல் எப்படியோ தெரிந்து ஆபீசுக்கு வந்துவிடுவார். படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே, "படிங்க தம்பி" என்பார். நான் இருந்தவரைக்கும் அதில் அநேகமாக ஒரே சொல்தான் இருந்தது. ஃபேர்.

"ஃபேர்னா நல்லாருக்குன்னு சொல்றானுங்களா, பரவால்லைன்னு சொல்றானுங்களா?"

அகராதியைப் பார்த்தேன். அதில் அழகு, நியாயம், சந்தை என்றெல்லாம் போட்டிருந்தது. பரவாயில்லை என்பதற்குக் கொஞ்சம் மேலே என்றேன். அவர் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"குடிச்சப்ப அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதுனா என்னங்க கொறஞ்சு போகும்?"

அன்றைக்குத்தான் எனக்கு விளங்க ஆரம்பித்தது.

அத்தனை பேர் முகத்தையும் படித்துவிட்டவருக்கு ஒரே ஒரு முகம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. அது அவர் மனைவியின் முகம். அக்கா நன்றாகத்தான் சாப்பிடுவார். ஆனால் கருவாட்டுக் குழம்பானாலும் சரி, வெறும் ரசமானாலும் சரி, முகம் ஒரேமாதிரி இருக்கும். கோபமும் இல்லை, வெறுப்பும் இல்லை. காய்ச்சல்காரர் கஷாயம் குடிப்பதைப் போலத் தின்று முடித்துக் கம்பளியை இழுத்துக்கொள்வார். டீமேக்கர் அன்றைக்கெல்லாம் கதவுக்கும் அடுப்புக்குமாக நடப்பார்.

ஒரு ஐப்பசி மழையில், பேச்சோடு பேச்சாக அக்கா சொன்னார்: "எங்கம்மா ஊட்டுல தீபாவளிக்குத் தீபாவளி இட்லி சுடுவாங்க. மாவு பானைய முட்டி வழிஞ்சு நிக்கும். வெடியக்காலம் எழுந்திரிச்சு நாங்கெல்லாம் மொதல்ல பானையத்தான் பாப்போம். இந்த மலையில மாவுகூடக் குளுருல சுருண்டு கெடக்குது."

சொல்லும்போது அவர் முகம் ஒரு கணம் வேறாக இருந்தது. பார்த்தது நான் மட்டுமில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இட்லிதான். மாவை ஆட்டிப் பானையில் ஊற்றிக் கம்பளி சுற்றினார். வைக்கோலில் புதைத்தார். அடுப்புச் சாம்பல் மேல் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் நகர நகரப் பானையையும் நகர்த்திக்கொண்டு, குழந்தைக்கு வெயில் காட்டுகிறவர் மாதிரி வாசலில் நின்றார். குன்னூர்க் கடை ஒன்றிலிருந்து பழைய புளித்த மாவைச் சொம்பில் வாங்கிவந்து கலந்தார். மாவு அசையவில்லை. வெந்து வந்த இட்லியைத் தட்டில் போட்டால் சத்தம் கேட்டது. "ஆட்டுக்கல்லுல ஆட்டுனா ஆட்டுக்கல்லாவே வருதுங்க" என்று பாய் சிரித்தார். அக்கா அதையும் தின்றார், அதே முகத்தோடு.

மாவு பொங்குகிற இடம் எது என்று எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். டிரையர் அடுப்புக்குப் பின்னால், இரும்புத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. தீயை அணைத்த பிறகும் அங்கே சூடு தங்கும். முன்னொரு தடவை லயத்துப் பெண்கள் சிலர் பாயைக் கெஞ்சிக் கேட்டு, தீபாவளிக்கு ஒரு பானையை அங்கே வைத்திருக்கிறார்கள். டீமேக்கர் வாசலில் வரும்போதே மோந்துவிட்டார். பானையைத் தானே தூக்கிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். பாயை ஒரு வாரம் அடுப்பை விட்டு விலக்கி மூட்டை தூக்க வைத்தார். மாவு பொங்கினால் இவரும் பொங்குகிறார் என்று பாய் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

தை மாதம் வந்தது. பள்ளமெல்லாம் உறைபனி வெள்ளையாக விழுந்தது. பனி விழும் நாட்களில் எடுக்கிற கொழுந்து கொஞ்சம்தான். ஆனால் அந்தத் தேயிலையின் மணமே தனி. வருஷம் முழுக்க அந்தச் சில நாட்களுக்காகக் காத்திருப்பார் டீமேக்கர். அந்த வருஷம் வாடிய இலையை அள்ளி முகத்தில் அப்பிக்கொண்டு, "இந்த வாட்டி ஃபேர்னு எழுத மாட்டானுங்க தம்பி" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக நின்று நான் பார்த்ததில்லை.

அதே வாரம்தான் அக்காவின் தம்பி கோபியிலிருந்து வந்திருந்தார். அக்காவுக்கு முதல் பிரசவம். மறுநாள் மத்தியானம் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் அக்காவைக் கூட்டிக்கொண்டு மலை இறங்குவதாக ஏற்பாடு. சேலைகளை மடித்து மூட்டை கட்டிக்கொண்டே, அதே முகத்தோடு அக்கா சொன்னார்: "போனா மறுக்கா ஏற மாட்டேனுங்க. பச்சக் கொழந்தைய வெச்சுட்டு இந்தக் குளுருல என்னால ஆகாது. நீங்க வேணும்னா வந்து பாத்துட்டுப் போங்க."

டீமேக்கர் கதவுக்குப் போனார், அடுப்புக்கு வந்தார். உளுந்து ஊறிக்கொண்டிருந்த சட்டியை எடுத்துக்கொண்டு ஆட்டுக்கல்லுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் நடந்ததைப் பிற்பாடு பாய்தான் எனக்குச் சொன்னார். டிரையர் தீயை அணைத்து எல்லோரும் கிளம்பிய நேரத்தில் டீமேக்கர் கோட்டுக்குள் எதையோ அணைத்துக்கொண்டு வந்தார். பாயைப் பார்த்தார். பிறகு தானே அந்தச் சந்தில் குனிந்து பானையை வைத்தார். "காலையில தீ வெக்கறதுக்கு முன்னால எடுத்துருவனுங்க பாய்" என்றார். பாய் சிரிக்கவில்லை. பார்த்துச் சிரிக்கிற முகமாக அது இல்லை என்றார்.

காலையில் எடுத்திருப்பார். ஆனால் பனிக்காற்றில் இலை அவர் நினைத்ததற்கு முன்பே வாடிவிட்டது. பாக்டரிக்குள் நுழைந்ததும் அந்த மணம் அவரை இழுத்துக்கொண்டது. உருட்டுகிற மிஷினுக்குப் போனார். பரப்பி வைத்த இலையை மோந்து மோந்து பார்த்தார். இப்போது, இப்போது என்று ஆட்களை விரட்டினார். பானையை மறந்தார். எடுத்திருப்பார் என்று நினைத்துப் பாய் தீ வைத்தார்.

கொழுந்துக் கணக்கு வாங்க நான் போனபோது வாசலிலேயே அந்த வாடை வந்துவிட்டது. மாவு பொங்கியிருக்கிறது. பானையை முட்டி, வழிந்து, காய்ச்சிய இரும்புத் தகட்டில் விழுந்து கருகியிருக்கிறது. புளிப்பும் தீய்ச்சலும் அறை முழுக்க நின்றன. டிரையருக்குள் அந்த வருஷத்துப் பனித்தேயிலை. சலித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "தோசை" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

டீமேக்கர் வேலையை நிறுத்தச் சொன்னார். டிரையரில் இருந்து வந்த தேயிலையில் ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடி மோந்தார். வெகுநேரம் மூக்கை எடுக்கவில்லை.

பாய் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். மற்றதோடு கலந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்றார். துரைக்கு எட்டினாலும் தன் பேரைச் சொல்லிவிடலாம், தனக்கு ஏற்கனவே பானை வைத்தவன் என்ற பேர்தான் என்றார்.

டீமேக்கர் கண்ணைத் திறந்தார். "குடிக்கறவன் மூஞ்சி நமக்குத் தெரியாதுங்கறதுக்காக அவனுக்கு இதக் குடுக்கறதுங்களா பாய்?"

அந்தத் தேயிலை முழுவதையும் தனியே ஒதுக்கிக் கொட்ட வைத்தார். பிறகு காக்கிக் கோட்டோடு பங்களாவுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். துரைக்கும் அவருக்கும் நடுவில் பேசுவதற்கு ஆபீசில் என்னைத்தான் அனுப்புவார்கள்.

துரை காரணம் கேட்டார். இட்லிக்கு எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. மனைவி ஊருக்குப் போகிறார், அவருக்காக ஒரு பலகாரம் என்றேன். அதற்குப் பாக்டரி எதற்கு என்றார். மாவுக்குக் குளிர் ஆகாது என்றேன். துரை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மிஷின் கெட்டிருந்தால் மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன். பைக்காராப் பக்கத்தில் கம்பெனிக்கு இன்னொரு சின்ன பாக்டரி இருந்தது. மாசப் பிறப்பிலிருந்து அங்கே இரண்டாவது ஆளாகப் போக வேண்டும் என்று உத்தரவு. அதை எழுதியது நான்தான்.

திரும்பும் வழியில் டீமேக்கர் பாக்டரிக்குள் போய்ப் பானையோடு வந்தார். அடிமாவு வெந்து கட்டியாகியிருந்தது. அதற்கு மேலே, பாதிப் பானைக்கு, நுரை நுரையாக நல்ல மாவு இருந்தது. "வாங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் மூட்டைகள் வாசலில் இருந்தன. விஷயம் எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அக்காவின் தம்பி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். டீமேக்கர் கோட்டைக் கழற்றவில்லை. அப்படியே அடுப்பை ஊதி, இட்லிப் பானையை ஏற்றித் துணி விரித்து ஊற்றினார். ஆவி கிளம்பியது. மூடியைத் திறந்தபோது இட்லிகள் உப்பி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருந்தன. அக்காவுக்கு வைத்தார், அவர் தம்பிக்கும் எனக்கும் வைத்தார். நின்றுகொண்டார்.

அக்கா ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். நான் என் தட்டை மறந்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். டீமேக்கரும் பார்த்தார். மென்றார், விழுங்கினார். இன்னொரு விள்ளல். முகம் அதேதான்.

டீமேக்கர் கதவுக்குப் போனார். திரும்பி அடுப்புக்கு வந்தார்.

அக்கா தட்டைத் தள்ளி வைத்தார். தரையில் கையூன்றி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். தன் மணைக்கட்டையை அடுப்புக்கு முன்னால் இழுத்துப் போட்டார். டீமேக்கர் கையிலிருந்த அகப்பையை வாங்கினார்.

"உக்காருங்க."

டீமேக்கர் புரியாமல் நின்றார்.

"உக்காருங்கன்னு சொல்றேன். நின்னுட்டே இருந்தா எங்கண்ணுக்கு அடுப்பு தெரிய மாட்டேங்குது."

அவர் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். அக்கா ஒரு தட்டில் இரண்டு இட்லி வைத்து அவர் முன்னால் நகர்த்திவிட்டு, அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில் அகப்பையோடு நின்றார். கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"பைக்காரா இங்கயவிடக் குளுருன்னு சொல்றாங்களே" என்றார். "அங்க மாவு பொங்கறதுக்கு என்னங்க பண்ணுவீங்க?"

டீமேக்கர் தலை தூக்கிப் பார்த்தார். வெளியே, பஸ் வந்துவிட்டது என்று தம்பி கூப்பிட்டார். அக்கா அகப்பையைக் கீழே வைக்கவில்லை. டீமேக்கர் ஒரு இட்லியைப் பிட்டார். அவர் மூக்கு வரைக்கும் அது போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. நேராக வாயில் போட்டுக்கொண்டார்.